பீப் சத்தம் எதற்கு? காரிலும் போனிலும் வேக எச்சரிக்கையைச் சரியாக அமைப்பது எப்படி

(மதுரையில் வாகன உரிமையாளர்கள், ஓட்டுநர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரி கூட்டத்துக்குப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஸ்பீடு கேமரா இருக்கிறதை முன்கூட்டியே சொல்ற மெஷின் ஒண்ணு இருக்காமே, வாங்கி மாட்டலாமா? அமெரிக்காவுல இருக்கிற மச்சான் வாங்கி அனுப்புறேன்னு சொல்றாரு" என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், "கார் சும்மா சும்மா பீப் அடிக்குது, அதை நிறுத்த முடியுமா?" என்றும் கேட்கிறார்கள். மூன்றாவதாக, "சலான்னு வாட்ஸ்அப்புல வந்திருக்கு, நிஜமா பொய்யா?" என்ற கேள்வி.

மூன்றும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான்: எந்த எச்சரிக்கையை நம்புவது, எதைத் தள்ளுவது? "புலி வருது, புலி வருது" கதை நமக்கு எல்லாம் தெரியும். பொய்யாகப் பத்து முறை கத்தினால், பதினோராவது முறை நிஜமாகக் கத்தும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலையில் அந்தப் பதினோராவது முறைதான் உயிர் போகிற இடம்.

ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேர் இறந்தது அதிவேகம் காரணமான விபத்துகளில். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். ஆகவே வேகத்தைப் பற்றிய எச்சரிக்கை என்பது அபராதத்தில் இருந்து தப்பிக்கிற சமாச்சாரம் மட்டும் இல்லை.

அந்த ரேடார் டிடெக்டர் என்ன செய்கிறது?

ரேடார் வேகமானி ஒரு ரேடியோ அலையை அனுப்பும். அது வண்டியில் பட்டுத் திரும்பும்போது அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும். அந்த அலை காற்றில் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிற வாங்கிதான் டிடெக்டர்.

சிக்கல் எங்கே என்றால், அதே அலைவரிசையை வேறு பலரும் பயன்படுத்துகிறார்கள். பெரிய கடைகளின் வாசலில் ஆள் வந்ததும் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு இருக்கிறதே, அதன் மேலே உள்ள சென்சாரில் 24 கிகாஹெர்ட்ஸ் அலை இருக்கும். சில கார்களில் பக்கவாட்டில் வண்டி வருவதைச் சொல்லும் வசதி இருக்கிறது. அதிலும் அதே அலைவரிசை உண்டு. எனவே கே.கே. நகரில் ஒரு ஷோரூமைக் கடந்தாலும் கத்தும், பக்கத்தில் புது கார் ஒன்று வந்தாலும் கத்தும். வெளிநாட்டில் இதை வைத்திருப்பவர்கள் தேவையில்லாத அலைவரிசையை அணைப்பது, ஊருக்குள் உணர்திறனைக் குறைப்பது, தினமும் பொய்யாகக் கத்துகிற இடத்தை ஜிபிஎஸ் மூலம் குறித்து வைத்து அங்கே மட்டும் ஊமையாக்குவது என்று பல வேலை செய்கிறார்கள். அப்படியும் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் அதற்குத் தடை இருக்கிறது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நாடுகளிலும் தடை.

சரி, பொய்ச் சத்தத்தை எல்லாம் குறைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இங்கே உதவுமா? பெரும்பாலும் உதவாது. காரணம் மூன்று.

ஒன்று, நம் நாட்டில் ரோந்து வாகனங்களில் வைத்திருப்பது பெரும்பாலும் லேசர் வேகமானி. லேசர் கற்றை ரொம்பக் குறுகலானது. குறி வைத்த வண்டியின் மேல்தான் படும். உங்கள் கருவி கத்துகிறது என்றால், உங்கள் வேகத்தை ஏற்கெனவே அளந்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இரண்டு, நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமரா. அது வெறும் கேமரா. டிடெக்டர் மோப்பம் பிடிப்பதற்கு அதில் ரேடார் அலையே இல்லாமல் இருக்கலாம்.

மூன்று, சராசரி வேகம். 10 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமரா இருக்கிறது. வரம்பு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தைக் கடக்க குறைந்தது ஏழரை நிமிடம் ஆக வேண்டும். ஆறே நிமிடத்தில் வந்தால் உங்கள் சராசரி 100. கேமரா பக்கத்தில் மட்டும் பிரேக் போட்டு நல்ல பிள்ளையாகப் போவதில் பலனே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலைகளை முடக்குகிற ஜாமர் கருவியை யாராவது விற்க வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். அதைத் தனியார் வாங்குவதும் பயன்படுத்துவதும் நம் நாட்டில் சட்டவிரோதம்.

கேமரா ஒளிந்திருக்க வேண்டியது இல்லை

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்று ஒரு விதி 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. வேகக் கேமரா, சிசிடிவி, வேகமானி, நம்பர் பிளேட் படிக்கும் கருவி எல்லாம் இதற்குள் வருகின்றன. நெடுஞ்சாலைகளில் ஆபத்து அதிகமான பகுதிகளிலும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களின் முக்கியச் சந்திப்புகளிலும் இவற்றை வைக்க வேண்டும் என்கிறது விதி. மதுரை அந்தக் கணக்கில் வருகிற ஊர்.

அதே விதி நமக்கும் சில உரிமைகளைத் தருகிறது. கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருக்கிற பகுதிக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்ததில் இருந்து 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆக, கேமரா இருப்பதைச் சொல்ல ஒரு மெஷின் தேவையில்லை. பலகையே சொல்லும். அதைப் பார்க்கிற கண்தான் தேவை.

முதல் காவல்: காரில் இருக்கிற பீப்

2019 ஜூலை 1 முதல் தயாரான எல்லாக் கார்களிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு ஒரு பீப். 120-ஐத் தாண்டினால் நிற்காமல் பீப். இதைத்தான் பலர் "தொல்லை" என்கிறார்கள். ஒயரைக் கழற்றிவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் இந்த பீப்புக்கு ஒரு குறை இருக்கிறது. அதற்குக் கோரிப்பாளையமும் தெரியாது, கப்பலூரும் தெரியாது. ஊருக்குள் பள்ளிக்கூட வாசலில் 60-ல் போனாலும் அது வாயைத் திறக்காது. அதனால் சில கார்களில் கொடுத்திருக்கிற இரண்டாவது வசதியைத் தேடிப் பாருங்கள். மீட்டர் அல்லது தொடுதிரை அமைப்பில் வேக எச்சரிக்கை என்று இருக்கும். நாமே ஒரு எண்ணை வைக்கலாம். நகருக்குள்ளேயே அதிகம் ஓட்டுகிறவர் 50 என்று வைக்கலாம். வெளியூர் போகும்போது சாலைப் பலகையில் உள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். வண்டி நிற்கும்போது மாற்றுங்கள், ஓடும்போது வேண்டாம்.

இரண்டாவது காவல்: கையில் இருக்கிற போன்

பெரும்பாலானோருக்குத் தனிக் கருவியே தேவையில்லை. கூகுள் மேப்ஸில் வேகமானி இருக்கிறது. சில சாலைகளில் வேக வரம்பும் காட்டும். மேப்ல்ஸ் செயலியில் விபத்து அதிகம் நடக்கும் இடம், வேகத்தடை, கூர்மையான வளைவு போன்றவற்றுக்கு எச்சரிக்கை உண்டு. சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் 2021-ல் இதில் கைகோத்தன. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க் யாத்ரா செயலியிலும் அதிவேக எச்சரிக்கை இருக்கிறது. எல்லாம் இலவசம்.

இவற்றில் பொய்ச் சத்தம் வராமல் அமைக்க ஆறு வேலை.

1. ஒரே ஒரு செயலியை மட்டும் ஓட விடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் ஒன்று 60 என்கும், ஒன்று 80 என்கும். கடைசியில் நாம் எதையும் கேட்க மாட்டோம்.

2. இருப்பிட அனுமதியில் "துல்லியமான இருப்பிடம்" என்பதை இயக்குங்கள். "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று கொடுத்தால் போதும்.

3. பேட்டரி சேமிப்பு முறையை அணையுங்கள். அது ஜிபிஎஸ்ஸை அடிக்கடி தூங்க வைக்கும். அப்போது நீங்கள் கடந்து போன இடத்துக்கான எச்சரிக்கை இப்போது வரும். பொய்ச் சத்தத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

4. வீட்டில் வைஃபையில் இருக்கும்போதே மதுரைச் சுற்றுவட்டார வரைபடத்தை இறக்கி வையுங்கள். டவர் கிடைக்காத கிராமச் சாலையிலும் வேலை செய்யும்.

5. குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். எல்லா எச்சரிக்கையும் வேண்டாம். வேகம், விபத்துப் பகுதி, வேகத்தடை இந்த மூன்றை மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப் உள்ளிட்ட மற்ற அறிவிப்புகளை ஓட்டும் நேரத்தில் ஊமையாக்குங்கள்.

6. போனை ஸ்டாண்டில் மாட்டுங்கள், சாலையை மறைக்காத இடத்தில். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வண்டி ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம்; அதுவும் கவனம் சிதறாத விதத்தில். 80-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். இரண்டு நொடி போனைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரி.

நம்ம ஊரில் எங்கே ஏமாறும்?

நத்தம் சாலை மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2023-ல் திறந்தது. மேலே ஒரு சாலை, நேர் கீழே இன்னொரு சாலை. ஜிபிஎஸ் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். மேலேயா கீழேயா என்பதில் குழம்பிவிடும். கீழே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள், போன் மேம்பால வரம்பைக் காட்டிக்கொண்டிருக்கும். அணுகுசாலையிலும் இதே கதை. திருச்சி சாலையிலும் திருமங்கலம் பக்கமும் நான்குவழிச்சாலையில் இருந்து இறங்கி அணுகுசாலைக்கு வந்த பிறகும், சில நேரம் போன் உங்களை நான்குவழிச்சாலையிலேயே வைத்திருக்கும். இந்த இடங்களில் போனை நம்பாதீர்கள், பலகையை நம்புங்கள். சிவப்பு வட்டத்துக்குள் கறுப்பு எண் இருந்தால் அதுதான் உச்ச வரம்பு.

சித்திரைத் திருவிழா சமயத்தில் தல்லாகுளம், ஆழ்வார்புரம் பக்கம் போக்குவரத்து மாற்றம் வரும். வரைபடத்துக்கு அது உடனே தெரியும் என்று நினைக்க வேண்டாம். அங்கே நிற்கிற காவலரின் கைதான் சட்டம்.

எந்தச் செயலியும் சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் மேலூர், வாடிப்பட்டி பக்கம் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர் இருட்டில் முன்னால் போகிறது. மானாமதுரை சாலையில் ஆட்டுக் கிடை மாற்றிக்கொண்டு மந்தையே கடக்கிறது. மாற்றுவழி தூரம் என்று எதிர்த்திசையில் ஒரு மொபெட் வருகிறது. இதற்கெல்லாம் பீப் கிடையாது. வேகம் குறைவாக இருந்தால் மட்டும்தான் சமாளிக்க முடியும்.

வேகமாகப் போய் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம்? 20 கிலோமீட்டரை 100-ல் போனால் 12 நிமிடம். 80-ல் போனால் 15 நிமிடம். மிச்சம் மூன்றே நிமிடம், ஒரு டீ ஆறுகிற நேரம். ஆனால் 100-ல் போகிற வண்டியின் மோதல் வலு 80-ல் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் அதே அளவுக்குக் கூடும்.

சலான் வந்திருக்கிறது: நிஜமா, பொய்யா?

இப்போது மூன்றாவது கேள்வி. இதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். "உங்கள் வண்டி சிக்னலை மீறியது, விவரம் பார்க்க இதை அமுக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். ஆர்.டி.ஓ. சலான், எம்-பரிவாகன் என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள். அமுக்கி நிறுவினால், உங்களுக்கு வருகிற ஓடிபி எல்லாம் இன்னொருவனுக்கும் போகும். அப்புறம் வங்கிக் கணக்கு காலி.

விதியை எளிதாக நினைவில் வைக்கலாம்: அரசு வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாது. செய்தியில் உள்ள இணைப்பை அமுக்காதீர்கள். நீங்களே உலாவியைத் திறந்து, அரசின் பரிவாகன் இணையதளத்தில் உள்ள இ-சலான் பகுதிக்குப் போங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடிய வேண்டும். அங்கே சலான் எண்ணையோ, வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையோ கொடுத்தால் நிலுவை இருந்தால் காட்டும். அங்கே இல்லை என்றால், மிரட்டிக் கேட்கிறார்களே என்று அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

தெரியாமல் நிறுவிவிட்டீர்களா? உடனே போனை விமான முறைக்கு மாற்றுங்கள். இன்னொரு போனில் இருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கிற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சலான் நிஜம், ஆனால் வண்டி நம்முடையது இல்லை என்றால்? அதுவும் நடக்கும். கேமரா 8-ஐ 3 என்று படித்திருக்கலாம். உங்கள் எண்ணை யாராவது போலியாக மாட்டியிருக்கலாம். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வண்டியின் வகை, நிறம், எண், தேதி, நேரம், இடம். அதிவேகம் என்றால் அளந்த வேகமும் இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் இணையதளத்தில் உள்ள புகார் பகுதியில், ஆர்.சி. நகலும் உங்கள் வண்டியின் புகைப்படமும் வைத்து முறையிடுங்கள். நீதிமன்றத்தில் மறுக்கிற உரிமையும் இருக்கிறது. சரியான சலானாக இருந்தால் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். இலகு ரக வாகனத்துக்கு அதிவேகக் குற்றத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை என்று சட்டம் சொல்கிறது.

கூட்டத்தில் வந்த சில கேள்விகள்

"கார் மீட்டர்ல 80 காட்டுது, போன்ல 76 காட்டுது. எது சரி?"

கார் மீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் அப்படி அமைக்கிறார்கள். நேரான திறந்த சாலையில், ஒரே வேகத்தில் போகும்போது ஜிபிஎஸ் நன்றாகவே காட்டும்; வேகம் கூடும்போதும் குறையும்போதும் அது ஒரு நொடி பின்தங்கும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவரைப் பார்த்துக் குறிக்கச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த நாலு கிலோமீட்டரை இலவச வேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

"பழைய கார் வித்துட்டேன். ஆனா சலான் எனக்குத்தான் வருது."

பெயர் மாற்றம் முடியவில்லை என்று அர்த்தம். விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் முக்கியம். வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பழைய கார் வாங்குகிறவர், நிலுவைச் சலான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய செல்போன் எண் இருக்கட்டும். எண் பழையதாக இருந்தால் நிஜ எச்சரிக்கை வேறு யாருக்கோ போகும்.

"பைக்குல போறவங்களுக்கு?"

போன் பாக்கெட்டில் இருக்கட்டும். பைக்கில் போய்க்கொண்டே திரையைப் பார்ப்பது காரைவிட ஆபத்து. போகிற சாலையின் வரம்பைக் கிளம்புவதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மூன்று எண்களைப் போனில் பதிந்து வையுங்கள். ஆம்புலன்ஸ் 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. சைபர் மோசடிக்கு 1930. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். பணம் யார் கட்டுவது என்று யோசித்து நிற்காமல், அடிபட்டவரைப் பார்த்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தேவையில்லாத சத்தத்தை எல்லாம் அணைத்துவிட்டு, தேவையான மூன்றை மட்டும் வையுங்கள். பிறகு அது கூப்பிடும்போது காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுங்கள்.

பத்திரமாகப் போய் வாருங்கள்.